வால்தோல்

கள்ளிமேட்டுப் பாதையின் ஏற்றத்தில் திடீரென்று எழுந்த அந்த அலறலைக் கேட்டு, களத்தில் கேப்பை தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுளகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். யாரோ கிணற்றில் விழுந்துவிட்டதாகத்தான் முதலில் நினைத்தார்கள். வந்து பார்த்தால் காசிமாயனின் சிவப்புக் கார்.

ஏற்றத்தின் நடுவில் நின்ற இடத்திலேயே நின்று அது கதறிக்கொண்டிருந்தது. எஞ்சின் போட்ட சத்தத்துக்கு இந்நேரம் நாகமலையைத் தாண்டியிருக்க வேண்டும். சக்கரம் அசையவில்லை. அசைந்தாலும் பின்பக்கமாகத்தான் அசைந்தது. தோல் கருகும் நாற்றம் ஒன்று காருக்கு அடியிலிருந்து கிளம்பி ஏற்றம் முழுவதும் பரவியது.

உள்ளே காசிமாயன் உட்கார்ந்திருந்தான். நல்ல வேட்டி, சலவைச் சட்டை, கழுத்தில் சரிகைத் துண்டு. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை பாண்டியம்மாளின் மகனுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் என்றைக்கு, எந்நேரத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான். ஊர் பார்க்க வந்து இறங்க வேண்டும் என்று வந்தவனை ஊர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

தங்கை புருஷன் மொக்கையன் சாவகாசமாக வந்தான். எரு அடித்துக்கொண்டிருந்த வண்டியை அவிழ்த்து, சாணி அப்பிய மாடுகளோடு வந்தான். வடக்கயிற்றைக் காரின் முன்பக்கம் கட்டினான்.

"இறங்காதீக மச்சான், இறங்காதீக. நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. நம்ம மாட்டுக்கு உங்க பாரமெல்லாம் ஒரு பாரமா?"

"வேணாம் மாப்ள, சூடு ஆறினா அதுவே ஏறிரும்."

"அது ஆறுறதுக்குள்ள என் மகனுக்குக் காது குத்தி, கலியாணமும் முடிஞ்சிரும்."

பெண்கள் சிரித்தார்கள். மாடுகள் இழுத்தன. கார் சத்தமில்லாமல், நல்ல பிள்ளையாக ஏறியது. மேட்டில் போய் நின்றதும் மொக்கையன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்:

"திங்கக்கிழமை சீருக்கும் இதுலதான் வாரீகளா? சொல்லிருங்க. மாட்டக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

களத்து மேட்டிலிருந்து திரும்பவும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு காசிமாயனின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கை கொடுத்த மோரைக் குடித்தபோதும் கேட்டது. இறக்கத்தில் காரை உருட்டிக்கொண்டு வந்தபோதும் கேட்டது.

அந்தக் கார் அவன் கைக்கு வந்ததே ஒரு தினுசு. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் மதுரையில் விட்டுவிட்டுப் போனது. துரை பந்தயத்துக்கு ஓட்டிய வண்டி என்று தரகன் சொன்னான். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மேலே கூரை கிடையாது. பருத்தி நல்ல விலைக்குப் போன வருஷம் அது. காசிமாயன் வாங்கிவிட்டான். கார் வாசலில் வந்து நின்ற அன்று அவன் மனைவி சோலையம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல எரு அடிக்க முடியுமா?"

"எருவா? இது பந்தயக் காருடி."

"புல்லுக்கட்டு?"

காசிமாயன் துண்டால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நாம ரெண்டு பேரும் இதுல ஏறி எங்க போறது? களையெடுக்கவா?"

ஆனால் நாள் போகப் போக அவளுக்கும் அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. சந்தைக்குப் போகிற வழியில் தெரிந்தவர்கள் நடந்து போனால், முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே காசிமாயன் காரைச் சமதளமாகப் பார்த்து ஓட்டி, மேடு வந்த இடங்களில் ஆளை விட்டுத் தள்ளச் சொல்லி, ஒருவழியாக மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். சிம்மக்கல்லில் வைகைக் கரையோரம் ராயப்பனின் பட்டறை இருந்தது. தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம், மரத்தில் ஆணியடித்து மாட்டிய மாதா படம். ராயப்பன் வெள்ளைக்காரப் பட்டறை ஒன்றில் வேலை பழகியவன். தலைமயிர் நரைத்ததா, கிரீஸ் பட்டு மின்னுகிறதா என்று சொல்ல முடியாது.

காரின் கால்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"அண்ணே, ஓட்டும்போது இடது கால எங்க வைப்பீக?"

"பெடல் மேலதான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுந்தான். கால எடுத்துட்டா வண்டி நம்ம பேச்சக் கேக்குமா?"

ராயப்பன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூக்கணாங்கயித்தப் பிடிச்சுப் பழகின ஆளு. மாட்டுக்குக் கயிறு கையிலயே இருக்கணும், இல்லங்கல. இது மாடு இல்லண்ணே. லேசாக் கால் பட்டாலும் கிளச்சு பிடிய விட்டுரும். விட்டும் விடாமயும் உரசிக்கிட்டே கிடக்கும். அம்புட்டுத் தோலையும் நீங்களே தேச்சுப்புட்டீக."

இரண்டு கும்பாக்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்துக் காட்டினான். "இப்பிடித்தான் உள்ள இருக்கு. எஞ்சினோட சுத்துறது ஒண்ணு. சக்கரத்துக்குப் போறது ஒண்ணு. நடுவுல தோலு. தோலு கெட்டியாப் பிடிச்சாத்தான் எஞ்சின் சுத்துறது சக்கரத்துக்குப் போகும். இப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கு, கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"மாத்திரு. திங்கக்கிழமை வண்டி வேணும்."

"திங்கக்கிழமையா? மாதாவே! நான் வேலைய ஒரு நாள்ல முடிச்சிருவேன். தோலுக்கு எங்க போறது? இங்க கடையில கிடைக்கறது செருப்புத் தோலு. ஒரு ஏத்தம் ஏறினா அப்பளமாப் பொரிஞ்சிரும். திண்டுக்கல்லுக்குச் சொல்லிவிட்டா வரும். பங்குனி முடிஞ்சு வரும்."

"வேற வழியே இல்லையா ராயப்பா?"

காசிமாயனின் குரலில் என்ன இருந்ததோ, ராயப்பன் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தான்.

"ஒண்ணு செய்யலாம். கமலை இறைக்கிறீகள்ல? அந்த வால்தோலு இருக்கு பாருங்க, அது ஒசத்தியான சாதனம். எருமைத் தோலு. வெளக்கெண்ணெயும் தண்ணியும் மாத்தி மாத்திக் குடிச்சு, பதமா இருக்கும். கிழிஞ்சு போயி ஒதுக்கிப் போட்டது ஏதும் வீட்டுல கிடந்தாக் கொண்டாங்க. கிழியாத பக்கமா ஒரு முழம் தேறினாப் போதும்."

"கிடக்கு," என்றான் காசிமாயன்.

கிடக்கவில்லை. பழைய வால்தோலை வண்டிக்கு வாராகவும் ஆட்களுக்குச் செருப்பாகவும் எப்போதோ அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. கிணற்றில் இருந்தது தை மாதம் போட்ட புதுத் தோல்.

மாடு கட்டிக் கமலை இறைக்கும் அந்தக் கிணறு பங்குக் கிணறு. ஒரு பங்கு காசிமாயனுக்கு. ஒரு பங்கு சித்தப்பா மகன் முத்திருளனுக்கு. ஒருநாள் இவன் முறை, ஒருநாள் அவன் முறை. தண்ணீர் மொள்ளும் இரும்புச் சாலும் அதன் அடியில் யானைத் துதிக்கைபோலத் தொங்கும் வால்தோலும் இருவருக்கும் பொது. மாடு இழுக்க, சால் மேலே வர, வால்தோல் வாயைத் திறந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். தோல் இல்லாவிட்டால் சால் வெறும் ஓட்டைச் சட்டி. கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு தோட்டத்திலும் மிளகாய் நின்றது. பூவும் பிஞ்சுமாக நின்றது. முத்திருளனுக்கு அதை விட்டால் வேறு வெள்ளாமை கிடையாது.

சனிக்கிழமை உச்சி வேளை. முத்திருளன் தன் முறைக்கு இறைத்து முடித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். போவதற்கு முன்பு வால்தோலைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, எண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும் தடவிக் கிணற்று மேட்டுக் கல்லின்மேல் பரப்பியிருந்தான். ஊரில் ஒரு மனித முகம் வெளியே இல்லை. பனைமரத்தின் நிழல் பனைமரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

காசிமாயன் கதிர் அரிவாளுடன் கிணற்றுக்கு வந்தான்.

தோலைத் தொட்டபோது அது வெதுவெதுப்பாக, உயிருள்ளதுபோல இருந்தது. ஒரு கணம் கையை எடுத்துக்கொண்டான். பிறகு கள்ளிமேட்டுக் களத்துச் சிரிப்பு கேட்டது. அரிவாளை வைத்து அறுத்தான். நல்ல தோல், லேசில் கொடுக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, வியர்வை கண்ணில் இறங்க இறங்க அறுத்தான். அறுத்த தோலைத் துண்டில் சுருட்டி வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தான்.

அறுத்த ஓரம் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. குருடன் தடவிப் பார்த்தாலும் அரிவாள் என்று சொல்லிவிடுவான்.

கல்லை எடுத்துத் தேய்த்தான். ஓரம் மழுங்கியதே தவிரப் பிய்ந்த மாதிரி ஆகவில்லை. நான்கு பக்கமும் பார்த்தான். கிணற்று மேட்டில் அவனும் ஒரு ஓணானும்தான். காசிமாயன் குனிந்து, அந்தத் தோலின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்தான். கடித்து, தலையை ஆட்டி ஆட்டி இழுத்தான். நார் நாராகப் பிய்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கடித்தான். விளக்கெண்ணெயும் கொழுப்பும் கிணற்றுப் பாசியும் கலந்த ஒரு ருசி தொண்டை வரை இறங்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. துப்பினான். மறுபடியும் கடித்தான்.

ஊரில் பெரிய மனிதன். பஞ்சாயத்தில் பாய் விரித்து உட்காருகிறவன். அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் அவன் கிணற்றில் குதித்திருப்பான். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் சோலையம்மாளின் குரல் கிணற்று மேட்டிலிருந்து ஊர் எல்லை வரை கேட்டது.

"அடி பாவிகளா! நாயி தின்னுட்டுப் போயிருக்கே! நாளைக்கு எங்க முறை. பூவு விட்டு நிக்கிற செடிக்கு எச்சியவா துப்பி ஊத்துறது? ஏய் முத்திருளா! இங்க வாப்பா! வந்து உன் பவிசப் பாரு!"

முத்திருளன் சோற்றுக் கையுடன் ஓடி வந்தான். தோலை எடுத்து, பிய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"மதினி, நாந்தான் கல்லு மேல காயப்போட்டுட்டுப் போனேன். தூக்கிக் கட்டாமப் போயிட்டேன்."

"கொழுப்பு தடவின தோல நாய்க்கு எட்டுற எடத்துல எவனாச்சும் போடுவானா? உனக்கு ஊர்ல வேற யாரும் அறிவு கடன் தரலையா?"

"எந்த நாயோ தெரியலையே மதினி..."

"எந்த நாயோவா? உன் கருவாயன் போன வருசம் எங்க வண்டி வாரத் தின்னுச்சா இல்லையா? செருப்பத் தின்னுச்சா இல்லையா? மத்தியானம் அது எங்க இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

முத்திருளன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"வீட்டுல இல்ல மதினி. நான் திரும்பி வந்து தேடினேன். பொழுது சாயத்தான் வந்துச்சு."

காசிமாயன் தொட்டி ஓரமாக நின்றிருந்தான். 'எந்த நாயோ, விட்டுத் தள்ளு' என்று இந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஊர் நாய் ஒன்றின் தலையில் போட்டுவிட்டால் எவனுக்கும் நோவு இல்லை என்று கணக்குப் போட்டிருந்தான். கருவாயன் நினைவுக்கே வரவில்லை. இப்போது வாயைத் திறந்தான். விளக்கெண்ணெய் வாடை ஏப்பமாக வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

முத்திருளன் அவன் எதிரில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அண்ணே, தப்பு என் பேர்லதான். புதுத் தோலு நான் போட்டுத் தாரேன். சொல்லிவிடுறேன், வர்றதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் உன் செடிய வாட விடமாட்டேண்ணே. நானும் ராக்கம்மாளும் தோண்டியில மோந்து ஊத்துறோம்."

ராக்கம்மாள் அவன் பெண்டாட்டி.

"ஒன்னோட செடி?" என்றான் காசிமாயன். அவ்வளவுதான் வந்தது.

"முதல்ல உன்னோடது. குத்தம் செஞ்சவன் முதல்ல தன்னோடத நனைச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

சோலையம்மாள் கோபம் கொஞ்சம் தணிந்து, "ஆமா, சொல்றதெல்லாம் நல்லாத்தான் சொல்ற," என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அன்று வீட்டில் கருவாட்டுக் குழம்பு. காசிமாயனுக்குப் பிடித்தது. இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவினான்.

"ஏன், உப்பு கூடிருச்சா?"

"பல்லு வலிக்குது."

மறுநாள் பொழுது விடியும் முன்பே பஸ் பிடித்துச் சிம்மக்கல்லுக்குப் போனான். ராயப்பன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். துண்டைப் பிரித்துத் தோலைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டான்.

"கிழிஞ்சதுன்னுதானே சொன்னீக? இது கலியாணப் பொண்ணு மாதிரி இருக்கு!"

"வேற ஒண்ணு இருக்கு."

"இதையே கமலையில மாட்டியிருந்தா இன்னும் மூணு வருசம் இறைச்சிருக்கலாமேண்ணே."

"உன்னையக் கேட்டனா?"

ராயப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு வேலைதான் பேசியது. காகிதத்தில் அளவு எடுத்தான், தோலின்மேல் வைத்துச் சுண்ணாம்பால் கோடு கிழித்தான், வளைவாக வெட்டினான். பழைய தோலைச் செதுக்கி எடுத்தபோது அது சருகுபோல நொறுங்கியது. புதுத் தோலை விளக்கெண்ணெயில் நனைத்து, கிளச்சுக் கூம்பின்மேல் இழுத்துப் போர்த்தி, செம்பு ஆணிகளை அடித்தான். ஆணித் தலைகள் தோலுக்குள் புதையும்படி ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவி அடித்தான். பக்கத்துக் கடைக்காரர் கொண்டுவந்து வைத்த இட்லி, மேலே வேப்பிலைச் சருகு விழுந்து, அப்படியே கிடந்தது.

வெயில் சாயும் நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, "ஏறுங்க," என்றான். "இடது கால மடக்கி வச்சுக்கங்க. வேணும்போது மட்டும் பெடல மிதிங்க."

ஆற்று மணலிலிருந்து கரைக்கு ஏறும் செங்குத்தான பாதையில் காரை விட்டார்கள். எஞ்சின் ஒரு உறுமல் உறுமியது. அந்த உறுமல் அப்படியே சக்கரத்துக்குப் போனது. துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கார் கரைமேல் நின்றது.

"பாத்தீகளா!" ராயப்பன் கைதட்டினான். "என்ன பிடி! இந்தத் தோலு வழுக்கவே வழுக்காது. சந்தோசந்தானேண்ணே?"

"சந்தோசந்தான்."

சந்தோஷமாக இருக்க வேண்டிய ஆள் பெட்டிக்கடையில் நின்று ஒரு கொட்டைப்பாக்கும் வெற்றிலையும் வாங்கி மென்றான். வாயில் இருந்த ருசி போகவில்லை.

ஊருக்குள் நுழையும்போது கிணற்றடியில் முத்திருளனைப் பார்த்தான். கிணற்றுப் படியில் ராக்கம்மாள் தோண்டி தோண்டியாக மொண்டு ஏற்றித் தர, அவன் தோளில் காவடிக் கம்பு போட்டு இரண்டு பக்கமும் குடம் தொங்க, வரப்பில் நடந்துகொண்டிருந்தான். காசிமாயன் தோட்டத்தில் பாதிக்கு மேல் ஈரம் தெரிந்தது. பக்கத்தில், முந்தின நாள் இறைத்த தண்ணீர் எட்டாத பாத்திகளில், முத்திருளனின் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. வெள்ளைப் பூக்கள் மண்ணில் உதிர்ந்து கிடந்தன.

காசிமாயன் காரை நிறுத்தினான். நிறுத்தாமல் போகக் கால் வரவில்லை.

முத்திருளன் குடத்தை இறக்கிவிட்டு வந்தான். தோள்பட்டை சிவந்து வீங்கியிருந்தது. காரைப் பார்த்ததும் அந்தக் களைப்பிலும் அவன் முகம் மலர்ந்தது.

"சத்தமே மாறிருச்சேண்ணே! சிங்கம் மாதிரில்ல வருது! கள்ளிமேட்டுல மொக்கையன் மச்சான் இனி என்ன சொல்றாகன்னு பாத்துருவோம். என்னண்ணே போட்டாக?"

"சீமைச் சாமான்."

"அதான பாத்தேன்." அவன் காரின் சிவப்புத் தகட்டை ஈரக் கையால் தொடப்போய், வேட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டான். "அண்ணே, கருவாயன விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

"ராமநாதபுரத்துப் பக்கம் ஆட்டுக்கிடை கொண்டு போன கீதாரிக கிட்டப் புடிச்சுக் கொடுத்துட்டேன். கழுத்துல கயித்தப் போட்டுக் கொடுக்கறப்ப என்னையவே பாத்துச்சு. போகட்டும். பங்குச் சொத்தத் தின்ன நாய வச்சிக்கிட்டு நான் எப்பிடி உன் மூஞ்சியில முழிக்கிறது?"

"அதுக்காக நாய... ஒரு தோலுக்காக..."

"தோலு மட்டுமாண்ணே? நீ என்னைய ஒரு வார்த்தை வையல. மதினி கத்துனாக, சரி. நீ வாயே திறக்கல. அதுதாண்ணே எனக்குத் தாங்கல."

காசிமாயன் காரைக் கிளப்பினான். பெடலை மிதித்து விட்டபோது, காலுக்கு அடியில் தோல் சத்தமில்லாமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை சீர் புறப்பட்டது. முன்னால் மேளம்; பின்னால் கிடாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள்; தலையில் தட்டுகளுடன் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேருவதற்காகக் கார் தனியே கிளம்பியது. சோலையம்மாள் பட்டுச்சேலை கட்டி, மருமகனுக்கான கடுக்கனும் வேட்டியும் வைத்த பெரிய தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு காசிமாயன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் முத்திருளன் தென்பட்டான். பளிச்சென்று துவைத்த வேட்டி. தோளில் வீக்கம் தெரியாமல் இருக்கத் துண்டைப் போர்த்தியிருந்தான்.

"பாவம், நேத்துப் பூரா தூக்கியிருக்கான்," என்றாள் சோலையம்மாள். "நான் கொஞ்சம் கூடத்தான் பேசிப்புட்டேன். என்ன செய்ய, செடியப் பாத்ததும் வயிறு எரிஞ்சுபோச்சு."

காசிமாயன் பாதையையே பார்த்து ஓட்டினான்.

"இன்னுமா பல்லு வலிக்குது?"

கள்ளிமேட்டு ஏற்றம் வந்தது. மேட்டில் கூட்டம் தயாராக நின்றது. மொக்கையன் சொன்னபடியே செய்திருந்தான். குளிப்பாட்டிய இரண்டு மாடுகள், கொம்பில் சிவப்பு வர்ணத்துடன் பாதையோரம் நின்றன. கூட்டத்தில் ஏற்கெனவே சிரிப்பு முளைவிட்டிருந்தது.

கார் ஏறியது. ஒரு திணறல் இல்லை. ஒரு நாற்றம் இல்லை. மாடுகள் மிரண்டு கயிற்றை இழுக்க, மொக்கையன் அவற்றைப் பிடிக்கப் படாத பாடு பட்டான். இந்தத் தடவை கூட்டம் மாடுகளைப் பார்த்துத்தான் சிரித்தது. கார் பந்தலுக்கு முன்னால் போய் நின்றது.

"தோத்துட்டேன் மச்சான்!" மொக்கையன் மூச்சு வாங்க ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மனம் விட்டுச் சொன்னான். "வண்டின்னா இது வண்டி. ஒத்துக்கிட்டேன்."

இதற்காகத்தான் எல்லாம். இதைக் கேட்கத்தான் அந்த உச்சி வெயிலில் முட்டி போட்டது. கேட்டாகிவிட்டது. கேட்டுவிட்டு, அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் காசிமாயன் நின்றான்.

பாண்டியம்மாள் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னண்ணே, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? மதினி, அண்ணனுக்கு ஒண்ணும் போடாமயா கூட்டியாந்தீக?"

"எங்க திங்கிறாரு? ரெண்டு நாளா வாய்க்குள்ள எதுவும் போகல."

சீர் வந்து சேர்ந்தது. மேளம் ஓங்கி அடித்தது. பந்தலுக்குள் மனையில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். தாம்பாளத்தைக் கொடுக்கும்போது பங்காளிகள் எல்லோரும் அதில் கை வைத்துச் சேர்ந்து கொடுப்பது காசிமாயன் குடும்பத்து வழக்கம். ஒரு கை குறைந்தால் சீர் குறைந்தது என்று பேச்சு வரும். காசிமாயன் தாம்பாளத்தைத் தூக்கினான். கண்ணுச்சாமி கை வைத்தான், அழகுமலை வைத்தான். முத்திருளனின் கை வரவில்லை.

அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நின்றிருந்தான்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி ஒளிஞ்சு நிக்கிற?" என்றான் மொக்கையன். "வா, வந்து தட்டுல கை வையி."

"அண்ணன் கொடுக்கட்டும் மச்சான். நான் வைக்கிறது முறையில்ல."

"ஏன், என்ன முறையில்ல?"

மேளம் நின்றுவிட்டது. முத்திருளன் கூட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"பங்குக் கிணத்து வால்தோல என் நாயி கடிச்சுப்புடுச்சு மச்சான். என் கவனக்குறைவுதான். அண்ணன் பெரிய மனசு, ஒரு வார்த்தை சொல்லல. ஆனாலும் அண்ணன் தோட்டத்துக்குப் புதுத் தோலு மாட்டித் தண்ணி பாயிற வரைக்கும், அவுகளோட சரிசமமா நின்னு சீர்த்தட்டத் தொட எனக்கு யோக்கியதை இல்ல. என்னைய விட்டுருங்க."

சங்கடத்தைக் கலைக்க மொக்கையனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"நாய்க்குச் சோறு போட்டிருந்தா அது ஏன் மாப்ள தோலத் திங்குது? பத்தியம் வச்சிருந்தியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. களத்து மேட்டில் சிரித்த அதே பெண்கள், அதே சிரிப்பு. முத்திருளனும் எல்லோருக்காகவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. போர்த்தியிருந்த துண்டு நழுவ, வீங்கிய தோளை அவசரமாக மூடினான்.

காசிமாயன் தாம்பாளத்தைக் கீழே வைத்தான். கடுக்கன் உருண்டு ஓரத்தில் மோதியது.

"என்னண்ணே?" என்றாள் பாண்டியம்மாள்.

"இந்தாங்க, என்ன செய்யிறீக?" சோலையம்மாள் அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "சபையில தட்டக் கீழ வைக்கலாமா?"

அவன் துண்டை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் பந்தலுக்கு வெளியே நடந்தான். முத்திருளனுக்குப் பக்கத்தில் போய், அவன் நின்ற அதே வெயிலில் நின்றான். மொக்கையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்காத மாப்ள. அது நாயி கடிச்சதில்ல. நாந்தான் கடிச்சேன்."